மாதிரி எண் 5: முடிச்சு ஒன்று

9 ஜனவரி 2024, செவ்வாய்

காலையில் மூன்று மணி நேரம் கரண்ட் இல்லை. கூப்பிடு தூரத்தில் நெய்வேலி அனல்மின் நிலையத்தில் கரண்ட் தயாரித்து ஊர் ஊருக்கு அனுப்புகிறார்கள், மந்தாரக்குப்பத்தில் என் ஆறு மிஷினும் சும்மா நிற்கின்றன. நல்லவேளை, மாதிரிச் சட்டை முந்தாநாளே முடிந்தது. நேற்று கடலூர் போய்க் கொடுத்தும் வந்துவிட்டேன்.

அரசு விடுதிகளில் வேலை செய்கிறவர்களுக்கு இளநீலச் சட்டை, நாலாயிரத்து இருநூறு தைக்க டெண்டர். மாவட்டத்தில் பெண்கள் நடத்தும் சின்னத் தையல் யூனிட்டுகள் மட்டும்தான் போட்டி போடலாம். ஆளுக்கு ஒரு சட்டை மாதிரிக்குத் தைத்து, பேர், லேபிள், அடையாளக் குறி எதுவும் இல்லாமல் சீல் வைத்த கவரில் கொடுக்க வேண்டும். யார் தைத்தது என்று சோதிக்கிறவருக்குத் தெரியக்கூடாதாம். கவுண்டரில் கவர் மேல் ஓர் எண் எழுதுவார்கள். எனக்கு 5.

வரிசையில் எனக்கு இரண்டு ஆள் முன்னால் நின்றவள் தமயந்தி. முதுகைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. பதினாலு வருஷம் பக்கத்துப் பக்கத்து மிஷினில் உட்கார்ந்தவள் முதுகு தெரியாதா? கவரைக் கொடுத்துவிட்டுத் திரும்பினாள். "என்ன லிடி, நல்லாயிருக்கியா?" என்றாள், நேற்றுத்தான் பார்த்த மாதிரி. எட்டு வருஷமாகப் பேச்சில்லை. "இருக்கேன்" என்றேன். அவ்வளவுதான்.

மெலிந்திருக்கிறாள். புடவை நன்றாகக் கட்டியிருந்தாள். அதையெல்லாம் எதற்குப் பார்த்தேன்?

இந்த ஆர்டர் வந்தால் ஒரு வருஷத்துக்கு யூனிட் ஓடும். வராவிட்டால் ஷட்டரை இறக்க வேண்டியதுதான். ஸ்கூல் யூனிஃபார்ம் சீசன் வரும்வரை ஆறு பெண்களை உட்கார வைத்துச் சம்பளம் கொடுக்க என்னால் ஆகாது. வீட்டில் உட்கார்ந்து புடவைக்கு ஃபால்ஸ் அடிக்கணும். ஆண்டவரே, ஃபால்ஸ் வேண்டாம்.

12 ஜனவரி

கனவில் காலர் வந்தது. என் காலர் இல்லை, தமயந்தி தைக்கிற காலர்.

20 ஜனவரி, சனி

நூல் வாங்கப் பண்ருட்டி போனேன். அய்யாசாமி கடையில்தான் நூல், ஊசி, மிஷின் எல்லாம், புதுசும் பழசும். கூட்டமாக இருந்தது. நூல் கட்டிக்கொண்டே சொல்கிறார்: "உங்க கூட்டாளி வந்துச்சிங்க. தமயந்தியம்மா. அஞ்சு பவர் மிஷின் எடுத்துகினு போச்சு. குறிஞ்சிப்பாடியில பெருசா பண்ணப் போவுதாம்."

கூட்டாளியாம். அஞ்சு மிஷின்! ரிசல்ட்டே வரவில்லை, அதற்குள் மிஷின் எடுக்கிறாள் என்றால் என்ன அர்த்தம்? முன்னாலேயே யாரோ சொல்லியிருக்கிறார்கள். இல்லையென்றால் அவளுக்கு அவள் காலர் மேல் அவ்வளவு நம்பிக்கை. எது உண்மையாக இருந்தாலும் எனக்கு வயிறு எரிகிறது.

வாங்க வேண்டிய ஓவர்லாக் நூலை மறந்துவிட்டு வந்தேன்.

2 பிப்ரவரி, வெள்ளி

ஹரி பிரவுசிங் சென்டரிலிருந்து போன் பண்ணினான். டெண்டர் வேலையெல்லாம் அவன்தான் கம்ப்யூட்டரில் போட்டுக் கொடுக்கிறவன். "அக்கா, ரிசல்ட் வந்திருக்கு. நேர்ல வாங்களேன்" என்றான். அந்தக் குரலிலேயே தெரிந்துவிட்டது.

ஐந்து மாதிரி. இரண்டு துணி எடையில் போயிற்று. ஒன்று அளவில் போயிற்று. எண் 3, தமயந்தி, தேர்வு. காலர்: மிக நன்று.

எண் 5. தையல்: நன்று. அளவு: சரி. துணி: சரி. உட்புறத் தையலில் அடையாளக் குறி. நிராகரிக்கப்பட்டது.

என்ன குறி? என் லேபிளை நானே என் கையால் பிரித்தேனே. சாக்பீஸ் கோடுகூட இருக்கக்கூடாதென்று ஈரத்துணியால் துடைத்தேனே. என்ன குறி?

5 பிப்ரவரி, திங்கள்

கடலூர். அந்தத் துறையின் பேரை இந்த நோட்டில் எழுதப்போவதில்லை.

மேடம் ஒருவர், கண்ணாடி போட்டவர், நல்லவர்தான். என் சட்டையைக் கொண்டுவரச் சொல்லி உள்ளே திருப்பிக் காட்டினார். இடது சைடு தையல், கீழ் ஓரத்திலிருந்து நாலு விரல் மேலே, சிவப்பு நூலில் ஒரு முடிச்சு.

அய்யோ!

போட்டது நான்தான். போட்டதே எனக்குத் தெரியாது. எந்த ஆர்டரிலும் முதல் பீஸில் அந்த இடத்தில் ஒரு முடிச்சு போட்டுவிட்டுத்தான் நூலை அறுப்பேன். இருபத்திரண்டு வருஷப் பழக்கம். மூச்சு விடுவதை யாராவது நினைத்து நினைத்து விடுவார்களா?

"மேடம், அது குறி இல்லைங்க. வேண்டுதல்" என்றேன்.

"வேண்டுதலா இருந்தாலும் குறிதாம்மா. அஞ்சு சட்டையில உங்களுதுல மட்டும்தான் செவப்பு நூல் இருக்கு. கலைச்சுப் போட்டாலும் இது உங்களுதுன்னு கண்டுபிடிச்சுடலாம்ல?"

அவர் சொல்வது நியாயம்தான். நியாயமாக இருப்பதுதான் தாங்கவில்லை. பஸ்ஸில் வடலூர் வரைக்கும் அழுதேன். பிறகு ஒன்று தோன்றியது, அழுகை நின்றுவிட்டது. சட்டைக்குள்ளே அந்த இடத்தில் ஒரு முடிச்சு இருக்கும் என்று தெரிந்தவள் உலகத்திலேயே ஒருத்திதான்.

அவள்தான் சொல்லியிருப்பாள்.

6 பிப்ரவரி

தூக்கம் வரவில்லை. விடிந்துவிட்டது, எழுதிவிடுகிறேன், மண்டையில் ஓடிக்கொண்டே இருக்கிறது.

சர்ச் தையல் வகுப்பில் சேர்ந்தபோது எனக்கு இருபத்தொன்று, அவளுக்கு இருபது. குறிஞ்சிப்பாடிப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வருவாள். அவர்கள் வீட்டில் எல்லாரும் கூலிக்கு நாற்று நடுகிறவர்கள், தைக்க வந்த முதல் ஆள் அவள்தான். அங்கே முதல் பீஸில் ஒரு முடிச்சு போடுவது வழக்கம். சாமிக்கு. என் சாமி வேறு, அவள் சாமி வேறு, முடிச்சு ஒன்றுதான். இரண்டாவது முடிச்சு நாங்களாகச் சேர்த்தது. பக்கத்து மிஷின்காரிக்கு. சிரித்துச் சிரித்து ஆரம்பித்தது, அப்படியே நின்றுவிட்டது. முதல் பீஸ் என்றால் இரண்டு முடிச்சு.

அப்புறம் மந்தாரக்குப்பத்தில் சேர்ந்தே யூனிட் போட்டோம். கட்டிங் நான். காலர் அவள். என் கட்டிங்கில் ஒரு சாண் துணி வீணாகாது. ஆனால் துணி வீணாகாததை யார் பார்க்கிறார்கள்? காலரைத்தான் பார்க்கிறார்கள். "தமயந்தி இருக்காங்களா?" என்று கேட்டுக்கொண்டுதான் ஆள் வரும். என் கடையில், என் முகத்தைப் பார்த்து.

எட்டு வருஷம் முன்னால் குறிஞ்சிப்பாடியில் வாடகை கம்மி என்று போனாள். "நீயும் வாடி, சேந்தே போட்டுக்கலாம்" என்றாள். கையைப் பிடித்துக் கேட்டாள். வரமாட்டேன் என்றேன். விட்டுவிட்டுப் போய்விட்டாள் என்றுதான் இத்தனை வருஷமாக எல்லாரிடமும் சொல்லிவருகிறேன்.

அன்றிலிருந்து நான் ஒரு முடிச்சுதான் போடுகிறேன்.

8 பிப்ரவரி, வியாழன்

மேல்முறையீடு எழுதிவிட்டேன். அவளும் அதே வகுப்பில் படித்தவள், அவள் சட்டையிலும் முடிச்சு இருக்கும். இருந்தே தீரும். "மாதிரி எண் 3-ஐயும் பிரித்துப் பார்க்க வேண்டுகிறேன்" என்று போட்டேன். ஹரி டைப் பண்ணிவிட்டு, "அவங்களுதும் போச்சுன்னா யாருமே பாஸ் இல்லக்கா. மறுபடி டெண்டர் விடுவாங்க" என்றான். அதுதான் வேண்டும்.

இவர் செகண்ட் ஷிஃப்ட் முடிந்து வந்து சாப்பிடும்போது சொன்னேன். சுரங்கத்தில் கான்ட்ராக்டில் இருக்கிற மனுஷன், பர்மனென்ட் ஆகும் ஆகும் என்று பதினெட்டு வருஷமாகப் பொறுமையாக இருக்கிறவர். எல்லாவற்றையும் கேட்டார். பிறகு, "மறுபடி டெண்டர் விட்டா உனக்குத்தான் வரும்னு என்ன நிச்சயம்?" என்றார்.

"நிச்சயம் இல்ல."

"அவ கையவிட்டுப் போயிடும்ங்கிறது மட்டும் நிச்சயமா?"

தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். அருள்நாதன் என்று பேர் வைத்தாலே இப்படித்தான் பேசுவார்கள் போலிருக்கிறது.

14 பிப்ரவரி, சாம்பல் புதன்

ஃபாதர் நெற்றியில் சாம்பல் பூசினார். நெய்வேலிக்காரிக்குச் சாம்பல் புதுசா? தினமும் கொடியில் காயும் துணியிலிருந்து தட்டிக்கொண்டுதான் இருக்கிறேன்.

இந்தத் தவக்காலம் நாற்பது நாளைக்கு எதை விடப்போகிறோம் என்று வெளியே நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி கறி, ஒருத்தி சீரியல். என்னைக் கேட்டார்கள். டீ என்றேன். எதை விட வேண்டும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். விடமாட்டேன்.

19 பிப்ரவரி

விசாரணை புதன்கிழமை பதினொரு மணிக்கு. எண் 3-க்கும் தகவல் அனுப்பியிருக்கிறார்களாம். வரட்டும்.

21 பிப்ரவரி, புதன்

வந்தேன். குளித்தேன். சாப்பிடவில்லை. எழுதிவிட்டுப் படுக்கிறேன்.

நீள மேஜை. அந்த மேடமும் இன்னும் இரண்டு பேரும். தமயந்தி எனக்கு முன்னாலேயே வந்து சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

முதல் கேள்வி நான்தான் கேட்டேன். என் சட்டையில் முடிச்சு இருக்கிறது என்று யார் சொன்னது?

"யாரும் சொல்லலம்மா. செக் பண்றவர் லைட்டுக்கு நேரா புடிச்சாரு, செவப்பு தெரிஞ்சுது" என்றார் மேடம்.

அவள் சொல்லவில்லை. சரி. அப்போதே எழுந்து வந்திருக்கலாம்.

எண் 3 வந்தது. என்ன சட்டை! காலரைப் பார்க்கக்கூடாதென்று இருந்தேன், பார்த்துவிட்டேன். இரண்டு முனையும் ஒரே மாதிரி இறங்கி, நடுவில் ஒரு சுருக்கம் இல்லாமல். எனக்கு அது ஜென்மத்துக்கும் வராது. மேடம் உள்ளே திருப்பிப் பார்த்தார், லைட்டில் பிடித்தார், பக்கத்திலிருந்தவரிடம் கொடுத்தார். "ஒண்ணும் இல்லையேம்மா" என்றார். "எங்க இருக்குன்னு சொல்றீங்க, நீங்களே காட்டுங்க."

கையில் வாங்கினேன். பார்க்கவேண்டிய அவசியமே இல்லை. இடது சைடு தையல், நாலு விரல். கட்டைவிரலை வைத்து ஓட்டினேன். ஒரு மணல் அளவு. அவள் இளநீல நூலிலேயே போட்டிருக்கிறாள், கண்ணுக்குத் தெரியாது, கைக்கு மட்டும் தெரியும். எப்போதும் என்னைவிட அவளுக்கு மூளை அதிகம். "இதோ" என்று என் வாய் தானாகச் சொல்லிவிட்டது.

சின்னக் கத்தரியால் தையலைப் பிரித்துப் பார்த்தார்கள். என்னுடையதையும் பக்கத்தில் விரித்து வைத்தார்கள். ஒருவர் எழுதிக்கொண்டார்.

"இது என்னம்மா?" என்று அவளைக் கேட்டார்கள்.

"முடிச்சிங்க."

"அடையாளத்துக்கா போட்டீங்க?"

"அடையாளத்துக்குன்னா அதே கலர்ல போடுவனாங்க? எனக்கே தேடுனாத்தான் கெடைக்கும்."

மேடம் இரண்டு சட்டையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, "உங்கள நம்புறேம்மா. ஆனா இவங்க பாக்காமலே கையால கண்டுபுடிச்சுட்டாங்களே. ஒருத்தரால கண்டுபுடிக்க முடிஞ்சா அது அடையாளம்தான். ஒருத்தருக்கு ஒரு சட்டம், இன்னொருத்தருக்கு ஒரு சட்டம்னு நாங்க போக முடியாது" என்றார்.

இரண்டு சட்டையும் நிராகரிப்பு. டெண்டர் ரத்து. நான் கேட்டது கிடைத்துவிட்டது.

வெளியே வேப்பமரத்தடியில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன். வந்து நின்றாள். கத்துவாள், நாலு வார்த்தை கேட்பாள், நானும் திருப்பிக் கொடுக்கலாம் என்று வாயில் தயாராக வைத்திருந்தேன். அவள் கத்தவில்லை.

"ரெண்டு இருந்திச்சில்ல லிடி? எண்ணிப் பாத்தியா?"

அவ்வளவுதான் கேட்டாள். ரோட்டைத் தாண்டிப் போய் பஸ் ஏறிவிட்டாள்.

22 பிப்ரவரி

ஷட்டர் திறக்கவில்லை. தலைவலி என்று பெண்களிடம் சொன்னேன்.

25 பிப்ரவரி, ஞாயிறு

புதன்கிழமை எழுதினது பொய். "என் வாய் தானாகச் சொல்லிவிட்டது" — தானாக எதுவும் சொல்லவில்லை.

முதல் முடிச்சு விரலில் பட்டது. பக்கத்திலேயே இரண்டாவது. விரலை நிறுத்தினேன். மறுபடி ஓட்டிப் பார்த்தேன். ஒன்று, இரண்டு. எண்ணினேன். எட்டு வருஷமாக முகத்தைக் கொடுத்துப் பேசாதவளுக்கு இவள் இன்னும் முடிச்சு போட்டுக்கொண்டிருக்கிறாள் என்று தெரிந்தது. நன்றாகத் தெரிந்தது. தெரிந்த பிறகுதான் "இதோ" என்றேன்.

ஏன்டி சொன்னே?

ஏன்னா அதுலயும் அவ மேல. அதான். காலர்ல மேல, மூளையில மேல, ஜனங்க கேட்டுகிட்டு வர்றதுல மேல, சரி, போகட்டும். மனசுலயாவது நான் கொஞ்சம் சரியா இருக்கேன், அவதான் விட்டுட்டுப் போனவன்னு நெனச்சுகிட்டு இருந்தேன். அதையும் ரெண்டு முடிச்சுல புடுங்கிகிட்டா. நான் ஒண்ணோட நிறுத்தினேன், அவ நிறுத்தல. என்னால தாங்க முடியல. இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காது. அவ கண்ணுக்கே தெரியாத முடிச்சு. என் கட்டைவிரல்தான் அதைக் குறி ஆக்கிச்சு.

பூசைக்குப் போனேன். இதை மனசில் வைத்துக்கொண்டு நற்கருணை வாங்கவில்லை. இவர் பார்த்தார், கேட்கவில்லை.

6 மார்ச், புதன்

தபாலில் விசாரணைக் குறிப்பின் நகல் வந்தது. ரவுண்டு முத்திரை, கையெழுத்து எல்லாம் இருக்கிறது.

"மாதிரி எண் 3: முடிச்சு இரண்டு. மாதிரி எண் 5: முடிச்சு ஒன்று."

அரசாங்கமே எண்ணி எழுதிக் கொடுத்துவிட்டது. ஃபைலில் வைக்க மனசில்லை, கிழிக்கவும் கை வரவில்லை. பைபிளில் வைத்தேன். பிறகு அங்கிருந்தும் எடுத்துத் துணி அலமாரியில் வைத்தேன்.

18 மார்ச், திங்கள்

தேர்தல் அறிவித்துவிட்டார்கள். மறு டெண்டர் இப்போதைக்கு இல்லை, ஜூன் தாண்டும் என்று ஹரி சொல்கிறான். ஆறு பேரில் நாலு பேரை நிறுத்திவிட்டேன். ஒருத்தி, "ஒரு சட்டைய நம்பியா அக்கா இத்தன நாள் வச்சிருந்தீங்க?" என்றாள்.

4 ஏப்ரல்

ஒன்பது புடவைக்கு ஃபால்ஸ் அடித்தேன்.

7 மே, செவ்வாய்

பண்ருட்டி. எங்கே திரும்பினாலும் பலாப்பழம், பஸ்ஸுக்குள்ளேயும் அதே வாசனை. அய்யாசாமி கடையில் கேட்காமலே சொன்னார்: "தமயந்தியம்மா யூனிட்ட மூடிடுச்சிங்க. அந்த ஆர்டர நம்பி மிஷின் எடுத்துச்சு, தவண கட்ட முடியல. வந்து எடுத்துக்கன்னு சொல்லிகினு இருக்குது. பாவம், நல்ல வேலக்காரி."

சந்தோஷம் வந்தது. இங்கே யாரும் பார்க்கப்போவதில்லை, எழுதிவிடுகிறேன். வந்தது. காடாம்புலியூர் தாண்டும்வரை இருந்தது. அதற்குப் பிறகு ஜன்னலோரம் உட்கார்ந்து, அந்தக் கடைக்காரர் "நல்ல வேலக்காரி" என்று என்னைப் பற்றி யாரிடமாவது சொல்லியிருப்பாரா என்று யோசித்துக்கொண்டு வந்தேன். என் ஜென்மத்தைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

27 ஜூன், வியாழன்

மறு டெண்டர் வந்துவிட்டது. அதே சட்டை, அதே எண்ணிக்கை. ஹரி விதிகளை வாசித்துக்கொண்டே வந்தவன் சிரித்துவிட்டான். "அக்கா, இது உங்களுக்காகவே போட்டிருக்காங்க."

"மாதிரியின் உட்புறத் தையல்களில் எந்த நிறத்திலும் தேவையற்ற நூல் முடிச்சுகள் இருத்தல் கூடாது."

நானும் அவளும் இருபது, இருபத்தொரு வயதில் சிரித்துக்கொண்டே போட்ட முடிச்சு. அதற்குத் தனியாக ஒரு விதி. நான் சிரிக்கவில்லை. ஹரி சிரிப்பை நிறுத்திவிட்டு, "டீ சொல்லவாக்கா?" என்றான்.

11 ஜூலை, வியாழன்

மாதிரி கொடுத்துவிட்டு வந்தேன். இந்தத் தடவை முடிச்சு இல்லை. சைடு தையல் முடியும்போது நாலு விரல் இடத்தில் கை தானாக நின்றது. "வேணாம், வேணாம்" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே நூலை அறுத்தேன். அறுத்த பிறகும் ஏதோ பாக்கி இருக்கிற மாதிரியே இருந்தது.

கவுண்டரில் நாலு பேர். ஒவ்வொரு முதுகாகப் பார்த்தேன். அவள் இல்லை.

1 ஆகஸ்ட், வியாழன்

எனக்கு வந்துவிட்டது. நாலாயிரத்து இருநூறும். காலர்: திருப்தி.

இவர் வடை வாங்கி வந்தார். பெண்கள் எல்லாம் திரும்ப வருகிறார்கள். "சிரியேன் லிடியா, நீ கேட்டதுதானே" என்றார். சிரித்தேன்.

திருப்தியாம். 'மிக நன்று' இல்லை.

9 ஆகஸ்ட், வெள்ளி

நாலாயிரத்துக்கு ஆறு மிஷின் போதாது. பழைய பவர் மிஷின் இரண்டு வேண்டும் என்று அய்யாசாமியிடம் சொல்லியிருந்தேன். இன்று டெம்போவில் வந்து இறங்கியது. பழையது என்றாரே தவிர, பெயின்ட்கூடப் போகவில்லை. அவ்வளவாக ஓடாத மிஷின்.

ஒன்றை என் மிஷின் பக்கத்தில் போட்டோம். எண்ணெய் விடலாம் என்று கீழே பாபினைக் கழற்றினேன். முழுசாக நூல் சுற்றியிருந்தது. இளநீலம்.

ஆர்டர் கையில் வருவதற்கு முன்னாலேயே பாபின் சுற்றித் தயாராக வைத்திருக்கிறாள். ஒரு சட்டைகூட அதில் தைக்கவில்லை. கொண்டுவந்த ஆளிடம், "இது யாருது?" என்று கேட்டேன். கேட்காமலே தெரியும்.

வேலை அப்படியே கிடந்தது. ரொம்ப நேரம் அந்த மிஷின் முன்னால் இருந்த காலி ஸ்டூலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

12 ஆகஸ்ட், திங்கள்

போன் பண்ணினேன். அவள் நம்பர் மாறவில்லை, என் போனிலும் அழியவில்லை. நாலாவது மணியில் எடுத்தாள். பின்னால் டொக் டொக்கென்று ஒரே சத்தம், நிறையப் பெண்கள் குரல்.

"லிடியா?"

"உன் மிஷின் ரெண்டு என்கிட்ட வந்திருக்கு."

"தெரியும். அய்யாசாமி சொன்னாரு." பிறகு, "அதுல ஒன்னு, ரிவர்ஸ் அடிச்சா கொஞ்சம் இடப்பக்கம் இழுக்கும். பாத்து வுடு" என்றாள்.

நான் எதற்குப் போன் பண்ணினேன்? ஒரு வார்த்தை சொல்லத்தான். இரண்டு நாளாகச் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டதுதான். அது வரவில்லை. அதற்குப் பதிலாக, "நீ வர்றியா? காலருக்கு ஆளில்ல. சம்பளமா வேணாம், பாதிப் பாதி. முன்ன மாதிரி" என்று வந்தது.

"நான் வரல லிடி." கோபமாகக்கூடச் சொல்லவில்லை. "செங்கமலம்னு என்கிட்ட தெச்சவ. வேலையில்லாம வூட்ல குந்திகினு இருக்கா. அவள அனுப்புறேன், வச்சிக்க. நல்ல கை. வச்சிடவா? இங்க பேசிகினு இருந்தா திட்டுவாங்க."

எங்கே இருக்கிறாள் என்று கேட்பதற்குள் வைத்துவிட்டாள்.

14 ஆகஸ்ட், புதன்

செங்கமலம் வந்தாள். முப்பத்தைந்து இருக்கும். கொசுவத்தை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்ததுமே ஊசியைப் பார்த்தாள், நூலைப் பார்த்தாள், மிஷினைத் தட்டிக் கொடுத்தாள். "இது எங்க மிஷினாச்சே!" என்றாள்.

டீ குடிக்கும்போது கேட்டேன், தமயந்தி எங்கே வேலைக்குப் போகிறாள் என்று.

"முந்திரிக் கம்பெனிக்குப் போவுதுங்க, பண்ருட்டிப் பக்கம். கொட்ட ஒடைக்கிறதுக்கு. கையெல்லாம் கறுத்துப் போச்சுங்க. அந்தப் பால் பட்டா வெந்துடும்ல. கட்ட வெரல்லயும் ஆள்காட்டி வெரல்லயும் தோலு உரிஞ்சிகினு கெடக்குது. நூல் புடிக்க இனிமே ஆவாதுன்னு சிரிச்சிகினே சொல்லுது."

காலர் முனையைத் திருப்புகிற விரல்கள் அவை இரண்டும். அந்த வேலைக்கு வேறு எதுவும் வேண்டாம், அந்த இரண்டு விரல் போதும். என் டீ ஆறிப்போனது.

16 ஆகஸ்ட், வெள்ளி

ஆர்டரில் முதல் சட்டை தைத்தேன். முடிச்சு கூடாது என்ற விதி மாதிரிக்குத்தான், ஆர்டர் சட்டைகளுக்கு இல்லை. ஹரியிடம் இரண்டு தடவை கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

இடது சைடு தையல் முடிந்தது. சிவப்பு நூலை எடுக்கவில்லை. அவள் சுற்றி வைத்த பாபினிலிருந்து இளநீல நூலை இழுத்து ஊசியில் கோத்தேன். நாலு விரல் அளந்து முதல் முடிச்சு போட்டேன். பக்கத்திலேயே இன்னொன்று. எட்டு வருஷமாகப் போடாதது, சரியாக விழவில்லை. பிரித்துவிட்டு மறுபடி போட்டேன்.

பக்கத்து மிஷினில் செங்கமலம் கையை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்க தமயந்தி அக்காவும் இப்பிடித்தாங்க, மொத பீஸ்ல ரெண்டு முடிச்சி போடும். ஒன்னு சாமிக்கின்னு சொல்லும். இன்னொன்னு யாருக்கின்னு கேட்டா மட்டும் சொல்லாது. எத்தினி தடவ கேட்டிருக்கோம். உங்களுக்குத் தெரியுங்களா?"

"தெரியாது" என்றேன்.

நூலை அறுத்தேன். அடுத்த சட்டைக்குக் காலரை எடுத்துக் கொடுக்கச் சொன்னேன்.